விமானத்துத் தீ மருந்து

தீ அணைந்துவிட்டது என்று கம்பெனியே சந்தோஷப்பட்ட அந்தக் காலையில், அணைத்த ஆள் மட்டும் லேசாக இருமிக்கொண்டிருந்தார். அவர்தான் என் வீட்டுக்காரர், பூவராகன். அந்த இருமலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தீக்குள்ளே போய் வந்தவன் இருமாமல் பாட்டா பாடுவான் என்று கூட வேலை செய்யும் கோவிந்தராசு கிண்டல் பண்ணினான். நானும் சிரித்தேன்.

விருத்தாசலத்தில் எங்களுடையது ரொம்பச் சின்ன பீங்கான் கம்பெனி. ஹோட்டல்களுக்குக் கப்பும் சாஸரும் செய்வோம். கப்பு விளிம்பில் பச்சைக் கோடு போடுவது என் வேலை. அவர் சூளைக்காரர். முதலாளி சபேசன் சார் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார், தீபாவளிக்குத் துணி எடுத்துத் தருவார், யாரையும் நாக்கூசத் திட்டினதில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ பொல்லாத முதலாளியைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். பொல்லாத ஆளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

எழுபத்து மூன்றாம் வருஷம் கரண்ட் கட்டு உயிரை வாங்கியது. எங்கள் சூளை எண்ணெயில் எரிவது. எண்ணெய் எரியக் காற்று மிஷின் ஓடவேண்டும், மிஷின் ஓடக் கரண்ட் வேண்டும். நடுவில் கரண்ட் போனால் சூளையிலுள்ள சரக்கு முழுக்கப் புகை பிடித்துக் கறுத்துவிடும். இரண்டு தடவை அப்படிப் போனதில் சபேசன் சார் பாதி ஆளாகிவிட்டார். கடைசியில் கடைத்தெரு அமீனுதீன் பாயிடம் போனார்.

பாய் முன்னால் மெட்ராஸில் விமானம் நிறுத்துகிற கொட்டகையில் மெக்கானிக்குகளுக்கு எடுபிடியாக இருந்தவர். பழைய விமானங்களை உடைத்து ஏலம் போடும்போது சாமான்களை எடுத்து வந்து விற்பார். அவரிடம் விமானத்து பேட்டரிகளும், அந்த பேட்டரியிலேயே ஓடும் ஒரு காற்று மிஷினும் இருந்தன. சபேசன் சார் வாங்கிவந்தார். கொசுறாக வந்தது ஒரு பித்தளை பம்பு. முழங்கை நீளம் இருக்கும், கைப்பிடியைப் பிடித்துச் சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல் அடிக்க வேண்டும். உள்ளே தண்ணீர் மாதிரி ஒரு மருந்து.

"வெமானத்துல பேட்டரி பத்திக்கிட்டா இதத்தான் அடிப்பாங்க. தண்ணிய ஊத்துனா ஷாக் அடிக்கும், இது அடிக்காது" என்று சபேசன் சார் எங்களை வரிசையாக நிறுத்திவைத்துச் சொன்னார். அதைப் பேட்டரி அறைச் சுவரில் மாட்டினோம். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். ஆகாசத்தில் பறந்துவிட்டு வந்த சாமான் எங்கள் கொட்டகையில் தொங்குகிறதே என்று எல்லாருக்கும் ஒரு பெருமை.

அந்தக் காலைக்கு முந்தின நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. பேட்டரிதான் சூளையைக் காப்பாற்றியது. எரிப்பு முடிந்து சூளையை ஆறவிட்டார்கள். காலையில் கரண்ட் வந்ததும் பேட்டரியைச் சார்ஜில் போட்டார்கள். பஸ் பேட்டரிக்குச் சார்ஜ் போடுகிற அதே பெட்டிதான். விமானத்து பேட்டரி வேறு ஜாதி. சூடு ஏறினால் கரண்டை இன்னும் இழுக்கும், இழுக்க இழுக்க இன்னும் சூடேறும். இது எனக்கு அப்புறம் தெரிந்தது.

சூளை ஆறுகிற நேரம் பீங்கான்காரர்களுக்குப் பிரசவ நேரம் மாதிரி. குளிர்ந்த காற்று கொஞ்சம் பட்டாலும் உள்ளேயிருக்கும் கப்பு விரிசல் விடும். 'டிக்'கென்று சத்தம் வெளியே கேட்கும். அதனால் கொட்டகைக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, இடுக்கிலெல்லாம் சாக்கைத் திணித்துவிடுவோம். அந்த நேரத்தில் கொட்டகைக் கதவை யாரும் திறக்கமாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லித்தருகிற விஷயம் அது.

பேட்டரி அறையும் அந்தக் கொட்டகைக்குள்ளேதான் இருந்தது. பக்கத்திலேயே எண்ணெய் டிரம்மு.

புகை வருகிறது என்று கோவிந்தராசு கத்தியதும் நான் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் அவர் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டார். சபேசன் சார் வாசலில் நின்று சொன்னார்:

"பூவராகா, கதவச் சாத்திக்க. சூளைக்குக் காத்து போவக்கூடாது."

அவர் சாத்திக்கொண்டார். சார் சொல்லியிருக்காவிட்டாலும் சாத்தியிருப்பார். அவர் சூளைக்காரர்.

உள்ளே பம்பு அடிக்கும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. நான் கதவில் காதை வைத்துக்கொண்டு பெருமாளே பெருமாளே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எண்ணெய் டிரம்மு வெடித்துவிடுமோ என்ற ஒரே பயம்தான் எனக்கு. வேறு எதற்குப் பயப்படவேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அவர் வெளியே வந்தபோது கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்தது. உடம்பில் ஒரு பொட்டுத் தீக்காயம் இல்லை.

"அணைஞ்சிடுச்சி சார். அணைக்க அணைக்கத் திரும்பவும் புடிச்சிது. நானும் வுடல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மருந்து வாட மொதல்ல லாண்டிரியில அடிக்குமே, அப்படி இருந்துது. அப்புறம் ஈர வைக்கோலு மாதிரி ஆயிடுச்சி. நம்ம வைக்கப்போருகிட்ட நிக்கிறாப்புல" என்றார்.

சபேசன் சார் அவரைக் கட்டிக்கொண்டார். டீயும் பன்னும் வந்தது. யாரோ ஒரு புதுத் துண்டை அவர் தோளில் போட்டுக் கைதட்டினார்கள். அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. அப்புறம் அந்த எண்ணெய் டிரம்மை வேறு இடத்துக்கு உருட்டவேண்டும் என்றார்கள். அவரே போய் உருட்டினார். மண் மூட்டைகளையும் தூக்கி அடுக்கிவிட்டு, மதியத்துக்கு மேல் லீவு வாங்கிக்கொண்டு என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து மிதித்து வீட்டுக்கு வந்தார்.

சாப்பிட்டார். படுத்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னாங்க?"

"படுத்தா மூச்சு முட்டுது, அம்புஜம். உக்காந்தா பரவால்ல."

தலையணையை அடுக்கி முதுகுக்குக் கொடுத்தேன். அப்படியும் அவருக்கு மூச்சுமுட்டல் நிற்கவில்லை. நெஞ்சில் காதை வைத்தேன். சோறு கொதிக்கிற பானைமேல் மூடி துள்ளுமே, அந்த மாதிரி உள்ளே ஒரு சத்தம். தெருக்கோடியில் இருக்கிற கம்பவுண்டரிடம் மெல்ல நடத்திக் கூட்டிப்போனேன். அவர் சட்டையைக் கழற்றச் சொல்லி முன்னும் பின்னும் பார்த்தார்.

"ஒரு கொப்புளம்கூட இல்லியே. அதிஷ்டக்காரர்மா உன் வூட்டுக்காரர். பொகதான், வெளிய வந்துரும்" என்று சிவப்பு மிக்ஸர் மருந்தை அங்கேயே குடிக்கக் கொடுத்தார்.

திரும்பி வருகிற வழியில் அவர் இரண்டு தரம் நின்று ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டார். துப்பினார். நுரை ரோஸ் நிறத்தில் இருந்தது. மிக்ஸர்தான் அப்படி வருகிறது என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டேன்.

நாங்கள் வீடு வந்து சேர்வதற்கும் அமீனுதீன் பாய் ஒரு குதிரை வண்டியில் வந்து இறங்குவதற்கும் சரியாக இருந்தது. வேட்டி தடுக்கி விழாத குறை. பம்பில் மருந்து தீர்ந்துவிட்டது, நிரப்பி வாங்கிவா என்று சபேசன் சார் கோவிந்தராசுவைக் கடைக்கு அனுப்பியிருக்கிறார். அவன் பெருமையாக நடந்ததைச் சொல்லியிருக்கிறான். பாய் கடையைக்கூடப் பூட்டவில்லை.

"தங்கச்சி, மருந்து அடிச்சப்ப கதவு தெறந்து இருந்துதா?"

"இல்ல பாய். சூளை ஆறுதுன்னு சாத்திட்டுத்தான் அடிச்சாரு."

பாய் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். என் வீட்டுக்காரர் எழுந்து பாய்க்கு நாற்காலி போடப் போனார். பாய் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"எழுந்திரிக்காதீங்க. ஒரு அடிகூட நடக்காதீங்க. தங்கச்சி, அந்தப் பக்கம் புடி. தூக்கித்தான் வண்டியில வெக்கணும்."

வண்டியில் போகும்போதே கேட்டேன். பாய் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அந்த மருந்து தீயை அணைக்கும், அது நிஜம். ஆனால் தீயில் பழுக்கக் காய்ந்த இரும்பில் பட்டால் அதுவே விஷப்புகையாக மாறிவிடும். முகர்ந்தால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது, ஆள் நன்றாகத்தான் நடமாடுவான். சில மணி நேரம் கழித்துத்தான் நுரையீரலில் நீர் ஊறும். அதற்குள் ஓடி ஆடி வேலை செய்தால் இன்னும் சீக்கிரம்.

நான் டிரம்மை நினைத்தேன். மூட்டைகளை நினைத்தேன். என்னை உட்காரவைத்து அவர் மிதித்த சைக்கிளை நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் வயசில் சின்னவர். பாய் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். உடனே ஊசி போட்டார், ஆக்சிஜன் வைத்தார், தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தார். அப்புறம் என்னை ஓரமாக அழைத்து, "கெணத்துல விழுந்தவங்களுக்கு வெளியில இருந்து தண்ணி உள்ள போகும்மா. இவருக்கு உள்ளேயே ஊறுது. காலையிலேயே வந்திருந்தாலும் பொழச்சிருப்பாருன்னு என்னால சொல்ல முடியாது" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு நினைவு தப்பவில்லை. அதுதான் கொடுமை. உதடு நாவற்பழம் தின்றதுபோல் ஆகிவிட்டது. ஒவ்வொரு மூச்சையும் யாரிடமோ பறித்து எடுப்பதுபோல் எடுத்தார். முகத்தில் வைத்திருந்ததை விலக்கிவிட்டு என்னிடம் கேட்டார்:

"சூளையத் தெறந்துட்டாங்களா?"

"இல்லீங்க. பேசாதீங்க."

"நாளைக்கித்தான் தெறக்கணும். சார்கிட்ட சொல்லு."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சூளையாம் சூளை. உன் நெஞ்சு வேகிறது, நீ கப்பு சாஸருக்குக் கவலைப்படுகிறாயே என்று அந்த மனுஷனை உலுக்கவேண்டும்போல் இருந்தது. உலுக்கவில்லை. சொல்லிவிடுகிறேன் என்று தலையை ஆட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் பிடி தளர்ந்தது. நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு ஆக்சிஜனை மூடினாள்.

வராந்தாவுக்கு வந்தேன். சபேசன் சார் கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக அப்போதுதான் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. சாத்துக்குடிப் பை கையிலிருந்து நழுவியது. சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதார். பொய் அழுகை இல்லை.

பாய் அவர் எதிரில் போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"விக்கிறப்பவே உங்ககிட்ட சொன்னனே சார். வெமானத்துல இதக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி பைலட்டு மூக்குல மாஸ்க்கு மாட்டிக்குவாரு. அடிச்ச ஒடனே ஜன்னலத் தெறப்பாங்க. அது இல்லாம அடிக்கமாட்டாங்க. சாத்துன எடத்துல அடிக்கவே அடிக்காதீங்கன்னு சொன்னன். மாஸ்க்கு என்கிட்ட இல்ல, மெட்ராஸ்ல சொல்லி வாங்கித் தரட்டுமான்னுகூடக் கேட்டன்."

எனக்கு அது புதுச் செய்தி. வரிசையாக நிறுத்திவைத்து எங்களுக்குச் சொன்னதில் மாஸ்க்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"மறந்துட்டீங்களா சார்?" என்று கேட்டேன். மறந்துவிட்டேன் என்று அவர் சொல்லவேண்டும் என்று இருந்தது. மறதி எல்லாருக்கும் வருவது. அப்படிச் சொல்லியிருந்தால் எப்படியாவது பொறுத்துக்கொண்டிருப்பேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். யோசித்துத்தான் சொன்னார்.

"மறக்கல, அம்புஜவல்லி. பாய் சொன்னது ஞாபகம் இருந்துது. அதெல்லாம் வெமானத்துல போறவங்களுக்குன்னு நெனச்சிட்டேன்."

"இவருக்கு மூச்சு வேறயா சார்?"

அவர் பொய் சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்த்திருந்தால் அங்கேயே கையை நீட்டியிருப்பேன். அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே, தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்துக்கொண்டே அப்படி நினைத்திருக்கிறார். அதைத்தான் என்னால் இன்றைக்கு வரைக்கும் மன்னிக்க முடியவில்லை.