தலாத்தோவின் பீரைப் பற்றி நான் சொன்னது

அந்தச் சனிக்கிழமை நான் ஆறு பெண்களின் பீரைக் குடித்தேன். அது என் வேலை. கூதுகு நகரத்தின் செஞ்சோள பீர் விழாவில், ஞாயிறு மாலை அரைமணி நேரம் கூட்டத்தைச் சிரிக்க வைக்க என்னைக் கூலி பேசி அழைத்திருந்தார்கள். காய்ச்சுகிறவர்களைக் கிண்டலடிக்க வேண்டுமென்றால் முதலில் ருசி பார்க்க வேண்டும் அல்லவா?

ஆறாவதாகத் தலாத்தோவின் பந்தலுக்குள் நுழைந்தபோது கால் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"வாடா அடிமை. நாய்த்தலை தின்னுற வாய்க்கு என் பீரு கேக்குதோ?"

"உன் பீரைக் குடிக்கிறதுக்கு உன் கழுதைத் தொட்டியில வாயை வைக்கலாம்டி."

குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் மோசி, நான் சாமோ. எவ்வளவு வேண்டுமானாலும் ஏசலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது, மன்னிப்புக் கேட்கவும் கூடாது என்பது எங்கள் இரண்டு இனத்துக்கும் நடுவே பாட்டன் பூட்டன் காலத்து ஏற்பாடு; அவர்களுக்கு நாங்கள் நாய் தின்னிகள், எங்களுக்கு அவர்கள் கழுதைகள், இரு பக்கத்துக்கும் மற்றவன் அடிமை. அவள் கணவனைப் புதைத்த அன்று நான் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, "என் அடிமையை விடமாட்டேன்" என்று அடம்பிடித்தேன். அழுதுகொண்டிருந்த தலாத்தோ சிரித்துவிட்டாள்.

முதல் மடக்கைத் தான் குடித்துவிட்டுச் சுரைக்கிண்ணத்தை நீட்டினாள். குடித்தேன். மற்ற ஐந்தும் மறந்துபோயின. முதலில் மெல்லிய புகைவாசம், பிறகு நாக்கின் ஓரத்தில் ஒரு புளிப்பு, கடைசியில் காரணமில்லாத ஒரு சந்தோஷம்.

"எப்படிடா?"

"கழுதை மூத்திரம்."

அவள் முகம் மலர்ந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வேற நாட்டுக்காரங்க, துவாலாவுல இருந்து ஒரு அம்மா வந்து இங்க புதுசா ஹோட்டல் திறந்திருக்காங்க. எவ பீரு பிடிக்குதோ அவகிட்ட வருஷம் முழுக்க வாங்குவாங்களாம். எனக்குக் கிடைச்சா அடுப்புக்கு ஒரு ஆளை வச்சிருவேன். இந்தப் புகையில கண்ணு போயிட்டிருக்குடா."

ஞாயிறு மாலை மேடையில் அவளுடைய முறை வந்ததும் எனக்கு ஒரு வேகம் பிறந்தது.

"தலாத்தோ பீரைக் குடிச்சு எங்க தெருவுல மூணு பேரு படுத்துட்டாங்க. நாலாவது ஆளு நான். இப்ப உங்ககிட்டப் பேசுறது என் ஆவி!"

மோசிகள்தான் அதிகம் சிரித்தார்கள். தலாத்தோ பீர் கிளறும் துடுப்போடு மேடையைச் சுற்றி என்னைத் துரத்தினாள். அப்படியொரு கைதட்டலை நான் அதுவரை கேட்டதில்லை.

இறங்கியதும் ஹோட்டல் அம்மா என்னிடம் வந்தாள். "நீங்க ஆறையும் குடிச்சவரு. நிஜமா சொல்லுங்க, இவங்களோடது எப்படி?"

மூன்றடி தள்ளித் தலாத்தோ இடுப்பில் கைவைத்து நின்றாள். ஒரு சாமோ, மோசியை அவள் எதிரிலேயே புகழ்வதா?

"மத்த அஞ்சுல எதை வேணும்னாலும் வாங்குங்கம்மா. இதை மட்டும் தொட்டுடாதீங்க."

தலாத்தோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஹோட்டல் அம்மா சிரிக்கவில்லை. தலையசைத்துவிட்டுப் போனாள். அந்த முகத்தை நான் பார்த்தேன். அவள் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டது எனக்குப் புரியவில்லை என்று எப்படிச் சொல்வேன்? பத்தடி பின்னால் ஓடி, விளையாட்டு என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் யாரோ என்னோடு படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன்.

பக்கத்துப் பந்தல்காரிக்குத்தான் கிடைத்தது. திங்கள் காலை ஹோட்டல் அம்மாவைப் போனில் பிடித்து எங்கள் வழக்கத்தையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். "கையெழுத்து ஆயிடுச்சுங்க. அதோட, விருந்தாளிங்க வயித்து விஷயத்துல நான் விளையாட முடியாது" என்றாள்.

தலாத்தோ வீட்டுக்குப் போனேன். அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"என்னடா அடிமை, நேத்துக் கூலியில நாய்த்தலை வாங்கியாச்சா?"

நான் பதிலுக்கு ஏசியிருக்க வேண்டும். அவள் அதற்குத்தான் காத்திருந்தாள்.

"என்னை மன்னிச்சிரு, தலாத்தோ."

துடுப்பு நின்றது.

"விளையாட்டுக்குத்தானேடா சொன்னே?"

"ஆமா."

"அப்ப எதுக்கு மன்னிப்பு?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ கணக்குப் போட்டு முடித்தவள்போல எழுந்து, ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க தம்பி. வெயில்ல வந்திருக்கீங்க."

அதற்குப் பிறகு எத்தனையோ முறை ஏசிப் பார்த்துவிட்டேன். மோசிக் கழுதை என்பேன், என் அடிமை என்பேன். பதிலுக்கு ஏசாமல் லேசாகப் புன்னகைப்பாள். வீட்டில் எல்லோரும் நலமா என்று விசாரிப்பாள்.