ஏழில் இரண்டு

வகுப்பாசிரியை நீட்டிய துண்டுச்சீட்டில் ஆறு மாணவிகளின் வரிசை எண்கள் இருந்தன.

"நாளைக்கு உங்க காலேஜ்லேருந்து பார்க்க வர்றாங்க இல்ல? பாடம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இவங்க ஆறு பேரையும் லைப்ரரிக்கு அனுப்பிடுங்க. அங்க சொல்லி வச்சிருக்கேன்."

விடைத்தாள் கட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மழை வரும் போலிருக்கிறது, கொடியில் கிடக்கும் துணியை உள்ளே எடுத்துப் போடு என்று சொல்வது போலத்தான் இருந்தது. கற்பித்தல் பயிற்சிக்கு வந்திருந்த அவளும் சரி மேடம் என்று சீட்டை வாங்கிக் கொண்டாள். வாங்கிய பிறகுதான் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தாள். பையில் வைத்தாள், எடுத்தாள், கடைசியில் பாடத்திட்ட நோட்டுக்குள் செருகினாள்.

கல்லூரியில் அவளுக்குப் பெரியக்கா என்று பெயர். கூடப் படிப்பவர்களுக்கெல்லாம் இருபது வயது, அவளுக்கு இருபத்தொன்பது. ஆறு வருடம் மருந்துக்கடையில் நின்றவள். எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டும், எதைப் பாதியாக உடைக்க வேண்டும் என்று அவள் சொன்னால்தான் மண்டையில் ஏறுகிறது என்று ஜனங்கள் பக்கத்து வரிசை காலியாக இருந்தாலும் அவள் முன்னாலேயே வந்து நிற்பார்கள். அந்த ருசிதான் அவளைக் கெடுத்தது என்பாள் அண்ணி. நின்ற வேலையை விட்டுவிட்டு, நான்கு வருட ஆசிரியர் பட்டப் படிப்பில் போய்ச் சேர்ந்தாள். இப்போது மூன்றாம் வருடம், பெண்கள் பள்ளியொன்றின் ஆறாம் வகுப்பில் ஆறு வாரக் கற்பித்தல் பயிற்சி. கடைசி வாரத்தில் வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். அதில் தோற்றால் நான்காம் வருடத்துக்குள் கால் வைக்க முடியாது. மறுபடி மூன்றாம் வருடம், மறுபடி முதலிலிருந்து.

மறுநாள் ஆறு பேரும் எண் கூப்பிட்டதும் எழுந்து போனார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பழக்கம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. பாடம் பின்னங்களைக் கூட்டுதல். கேட்ட கேள்விக்கெல்லாம் கை உயர்ந்தது, பதில்கள் நோட்டில் எழுதி வைத்த வரிசையிலேயே வந்தன, மணி அடிக்கவும் முடிவுரை முடியவும் சரியாக இருந்தது. கல்லூரியிலிருந்து பார்க்க வந்த விரிவுரையாளர் கையைக் குலுக்கி, "இந்த பேட்ச்லயே இதுதான் நல்ல க்ளாஸ்" என்றார். அவளுக்குக் காதெல்லாம் சூடானது. சந்தோஷம்தான். ஆனாலும் செருப்புக்குள் மணல் புகுந்த மாதிரி ஏதோ ஒன்று நடக்க விடாமல் உறுத்தியது.

மதியம் கைகழுவும் இடத்தில் அந்த ஆறு பேரில் ஒருத்தி நின்றிருந்தாள். ஒரு வருடம் பின்தங்கி, மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாய் வளர்ந்துவிட்டதால் வகுப்பில் எல்லோருக்கும் அவள் நெட்டை.

"டீச்சர், காலையில நடத்துன பாடம் எங்களுக்கு எப்ப நடத்துவீங்க?"

குத்திக் காட்டவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பது போலக் கேட்டாள். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாளிலிருந்து மதிய இடைவேளையில் ஆறு பேரையும் ஆய்வகத்துக்கு வெளியே இருந்த படிக்கட்டில் உட்கார வைத்தாள். மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, இரண்டையும் கூட்டினால் எவ்வளவு என்று எழுதிப் போட்டாள். நெட்டை நோட்டைத் திருப்பிக் காட்டினாள். ஏழில் இரண்டு.

"மேலயும் மேலயும் கூட்டி, கீழயும் கீழயும் கூட்டிட்ட. அப்படிச் செய்யக் கூடாது" என்றாள் அவள்.

"ஏன் டீச்சர்?" நெட்டை எழுந்து நின்றுகொண்டாள். "மொதல் பெஞ்ச்ல மூணு பேரு, அதுல ஒருத்தி கண்ணாடி போட்டிருக்கா. ரெண்டாவது பெஞ்ச்ல நாலு பேரு, அதுல ஒருத்தி போட்டிருக்கா. ரெண்டு பெஞ்சும் சேர்த்தா ஏழு பேருல ரெண்டு பேரு. எண்ணிப் பாத்துட்டுத்தான் எழுதுனேன்."

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். நெட்டை சொன்னது பொய்யில்லை. ஏழு பேரில் இரண்டு பேர்தான். ஆனால் விடை பன்னிரண்டில் ஏழு. இரண்டும் எப்படி நிஜமாக இருக்க முடியும்? "நாளைக்குச் சொல்றேன்" என்று படியிறங்கினாள். கடைசிப் படியைப் பார்க்காமல் கால் வைத்துத் தடுமாறினாள்.

அன்று கல்லூரியில் கேட்டதற்கு, கீழெண்களை ஒன்றாக்கும் அந்தப் பொதுப் பகுதி எடுக்கும் முறையை இன்னொரு தடவை அழுத்திச் சொல்லிக் கொடுங்கள், போதும் என்றார் விரிவுரையாளர். முறை அவளுக்கும் தெரியும். வீட்டில் அண்ணி சமையலறைத் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடமும் கேட்டாள். அண்ணி கத்தியை நிறுத்தி யோசித்தாள்.

"அந்தப் பொண்ணு சரியாத்தானே சொல்லியிருக்கா? இதுல என்ன தப்பு?"

"தப்புதான் அண்ணி."

"தப்புன்னா ஏன்னு சொல்லு."

"அதான் தெரியலையே."

"நல்லா வாத்தியார் வேலைக்குப் படிக்கிற போ" என்று அண்ணி சிரித்துவிட்டு, மறுபடி நறுக்கத் தொடங்கினாள். இரண்டு நிமிடம் கழித்துத் தானாகவே, "எனக்கும் இப்ப குடையுதுடி. ஏன்டி என்கிட்ட வந்து சொன்ன?" என்றாள்.

இரண்டு நாள் அந்தக் கணக்கு அவளை ஓரிடத்தில் உட்கார விடவில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றாள். இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தாள். மூன்றாம் நாள் காலை, கதவருகே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது மருந்துக்கடை ஞாபகத்துக்கு வந்தது. ஒருவர் வந்து, டாக்டர் அரை மாத்திரைதான் எழுதியிருக்கிறார் என்பார். எதில் அரை என்று கேட்காமல் கடையில் யாரும் கொடுக்க மாட்டார்கள். ஐந்நூறில் அரையா, இருநூற்றைம்பதில் அரையா? அரை என்ற சொல் மட்டும் தனியாக நின்றால் அதற்கு அர்த்தமே இல்லை. நெட்டையின் மூன்றில் ஒன்று ஒரு பெஞ்சில் ஒன்று, நான்கில் ஒன்று வேறொரு பெஞ்சில் ஒன்று, ஏழில் இரண்டு என்றாகும்போது அது மூன்றாவதாக இன்னொரு முழுசு. பாடப் புத்தகத்திலோ முழுசு ஒன்றே ஒன்று. கண்டக்டர் டிக்கெட் கேட்டு நின்றதைக் கவனிக்காமல் அவள் தனக்குள் சிரித்தாள்.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் சொன்னால் நெட்டை தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். இது அவள் கையிலேயே அகப்பட வேண்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது அந்தப் பெண்ணுக்காகவா, தன் அரிப்பைத் தீர்த்துக்கொள்ளவா என்று யோசித்தபோது பதில் தெளிவாகக் கிடைக்கவில்லை.

தேர்வுக்கு முந்தைய நாள் வகுப்பாசிரியையிடம் போய், நாளை யாரையும் வெளியே அனுப்பப் போவதில்லை என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதுங்க நல்லதுக்கும்தான் சொல்றேன். வர்றவர் முன்னாடி ஒண்ணும் தெரியாம நின்னா அதுங்களுக்குத்தானே அவமானம்? உங்களுக்கு மார்க் போகும். எனக்கு ஹெச்.எம். கிட்ட கேள்வி வரும். இதெல்லாம் யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் மேடம்."

"அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதீங்க."

நெட்டையையும் தனியே கூப்பிட்டுக் கேட்டாள். அந்தக் கண்ணாடிக் கணக்கை நாளைக்கு எல்லோர் முன்னாலும் சொல்கிறாயா?

"தப்புன்னு தெரிஞ்சும் சொல்லணுமா டீச்சர்?"

"ஏன் தப்புன்னு கண்டுபிடிக்கத்தான். அது சும்மா தப்பு இல்ல. அதை யோசிச்சு எனக்கே மூணு நாளாச்சு. உனக்கு வேண்டாம்னா வேண்டாம்."

நெட்டை சுவரில் விரலால் ஏதோ கிறுக்கினாள். "சிரிச்சாங்கன்னா?"

"நான் சிரிக்க மாட்டேன்."

கிறுக்கிய இடத்தை உள்ளங்கையால் தேய்த்துவிட்டு அவள் போய்விட்டாள்.

தேர்வாளர் ஒல்லியான மனிதர். அட்டைக் கோப்பைத் தொடைமேல் வைத்துக் கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஜன்னலோரம் வகுப்பாசிரியை. பாடம் தொடங்கிப் பத்து நிமிடம் எல்லாம் நோட்டில் இருந்தபடியே நடந்தது. பிறகு, மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டாள். முதல் பெஞ்சுக் கைகள் உயர்ந்தன. அவள் காத்திருந்தாள். கடைசியாகப் பின்னால் ஒரு நீண்ட கை, பாதி தூக்கியும் தூக்காமலும்.

நெட்டை ஏழில் இரண்டு என்றாள். சிரிப்பு வந்தது. முதலில் இரண்டு பேர், பிறகு பத்துப் பேர். நெட்டையின் முகம் கறுத்தது. உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் நெட்டை முதல் பெஞ்சைக் கை காட்டி, அங்கே மூன்று பேர் என்று ஆரம்பித்தாள். சொல்லி முடித்தபோது சிரிப்பு நின்றிருந்தது. வகுப்பில் முதலாவதாக வருபவள் எழுந்து, "பொதுப் பகுதி எடுக்கணும் டீச்சர்" என்றாள். "எடுக்கலைன்னா? நான் எண்ணித்தானே சொல்றேன்?" என்று திரும்பக் கேட்டாள் நெட்டை. முதலாமவள் நின்றபடியே இருந்தாள். அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னார்கள் என்று கரும்பலகைப் பக்கம் நின்ற அவளால் பிரிக்க முடியவில்லை. முப்பத்தைந்து பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். வகுப்பாசிரியை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளைத்தாளின் அகலத்துக்கு வெட்டி வந்த பட்டைகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். ஒவ்வொன்றும் சரியாக இருபத்தொரு சென்டிமீட்டர். இதுதான் முழுசு, வேறு முழுசு கிடையாது. இதில் மூன்றில் ஒன்றை அளந்து கோடு போடுங்கள், பிறகு ஏழில் இரண்டை. அறையில் அளவுகோல்களின் சத்தம் மட்டும் கேட்டது. நெட்டை இரண்டு தடவை அளந்தாள். பிறகு யாரையும் பார்க்காமல், மெதுவாக,

"மூணுல ஒண்ணு ஏழு சென்டிமீட்டர் வருது. ஏழுல ரெண்டு ஆறுதான் வருது. கூட்டுனா எப்படி டீச்சர் கொறையும்?" என்றாள்.

அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது மணி அடித்தது. பாடத்திட்டத்தில் இன்னும் ஒன்றரைப் பக்கம் மிச்சமிருந்தது. கரும்பலகையில் விடை எழுதப்படவேயில்லை.

வராந்தாவில் தேர்வாளர் கோப்பை மூடிக்கொண்டே கேட்டார். "அந்தப் பொண்ணு இப்படிச் சொல்லும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார்."

"பாடம் முடியாதுன்னும் தெரியுமா?"

"அது தெரியாது சார்."

அவர் தலையசைத்தார். அது எந்த அசைவு என்று பிடிபடவில்லை. முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வகுப்பாசிரியை அவளைத் தாண்டிப் போகும்போது நிற்கவில்லை.

மாலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. பஸ் நிறுத்தத்தில் நெட்டையும் அந்த முதலாமவளும் நின்றிருந்தார்கள். இரண்டு பேரும் பேசிக்கொண்டு அவள் பார்த்ததே இல்லை. இப்போதும் அது பேச்சு இல்லை, சண்டை. நெட்டை குடை நுனியால் ஈர மண்ணில் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். மற்றவள் செருப்புக் காலால் அதில் ஒரு பகுதியை அழித்துவிட்டு, "இல்லடி, இங்கேருந்து பாரு" என்றாள். பார்த்துக்கொண்டே நின்ற அவள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது. ஆட்கள் ஏறினார்கள், கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் அவளை விட்டுவிட்டுக் கிளம்பியது. அந்தக் கோடு சாலை ஓரம் வரை நீண்டு, குட்டைத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள்ளும் நெட்டை அதை விடாமல் இழுத்துக்கொண்டு போனாள்.