பூட்டிய பக்கம்

“அது என் ப்ராஜெக்ட், லிசி, அதை நான்...”

“ஆரம்பிச்சது நீங்க சார், எழுதினது எல்லாரும்...”

“என்னைப் பேசி முடிக்க விடேன்!”

“கம்பெனிக்காரங்ககிட்ட எல்லாத்தையும் பேசி முடிச்சுட்டுத்தானே வந்திருக்கீங்க!”

பாலக்கரையில் லிசி வீட்டு மேசையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. ஹயக்ரீவன் ஸ்ரீரங்கத்திலிருந்து சமாதானம் பேச வந்திருந்தார். கம்ப்யூட்டரையே ரேடியோவாக்கும் மென்பொருள் அது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம் என்று நண்பர்கள் கூடி இணையத்தில் ஒரு பொதுப் பக்கத்தில் எழுதி வந்தார்கள். இன்று காலை அவர் அதை ஒரு கம்பெனிக்குக் கொடுத்து, அந்தப் பக்கத்தைப் பூட்டிவிட்டார்.

“கம்பெனி கையில நன்னா வளரும்மா. இனிமே அவாளைக் கேட்டுண்டு தொட்டாப் போறும்.”

“காவேரியில வெள்ளம் வந்தப்ப ஜீயபுரத்துல இதை வச்சுத்தான் சேதி கேட்டாங்க. அவங்க யாரைக் கேக்கணும்?”

“பூட்டியாச்சு. இனிமே என்ன பண்ணுவே?”

லிசி சிரித்துவிட்டாள்.

“மறந்துட்டீங்களா சார்? திருத்தறதுக்கு முன்னாடி முழுசையும் அவங்கவங்க கம்ப்யூட்டர்ல இறக்கிக்குவோமே. எல்லார் வீட்லயும் இருக்கு.”

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். வேறு பெயரில் ஒரு புதிய பக்கம். மண்ணச்சநல்லூர் பிரவீன்ராஜ் அதை மதியமே ஏற்றியிருந்தான். மற்றவர்கள் திருத்தவும் தொடங்கியிருந்தார்கள்.

“இது துரோகம்.”

“யார் வேணா எடுத்துக்கலாம்னு எழுதி வச்சது நீங்கதானே? எடுத்துக்கிட்டோம்.”

ஹயக்ரீவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதியவர்களின் வரிசையில் முதலில் அவர் பெயர்தான் இருந்தது.

“அதை நாங்க அழிக்க மாட்டோம் சார். எங்களோட எழுத வர்றீங்களா, இல்ல இதுக்கும் பூட்டுத் தேடப் போறீங்களா?”