இருப்பதிலேயே பயந்தது

கடைக்காரப் பெண் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, கைக்கடிகாரம் மாதிரி இருந்த டைவ் கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்து லிஃப்ட் மெக்கானிக்கின் உள்ளங்கையில் வைத்தபோது, அவருக்கு முதலில் தோன்றியது இதுதான்: இவ்வளவு லேசாக இருக்கிறதே. உயிரைக் காக்கிற சாமான் கொஞ்சமாவது கனக்க வேண்டாமா? அவர் தொழிலில் அப்படித்தான். லிஃப்டுக்குள் எழுதிப் போட்டிருக்கிற எடையைப் போலப் பல மடங்கு தாங்குகிற இரும்பு வடங்கள் மேலே தொங்கும். அதற்கும் மேலே, இயந்திர அறையில், ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். பெட்டி வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக இறங்கினாலும் அது பதறிப்போய்ப் பிரேக்கைப் போட்டுவிடும். சில நேரம் ஒன்றுமில்லாததற்கும் பதறும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அவரைத்தான் திட்டுவார்கள். ஆனாலும் அந்தச் சக்கரத்தின் மேல் அவருக்கு ஒரு தனிப் பாசம் உண்டு.

"ஆழம் இங்க தெரியும் சார். எவ்வளவு நேரமா கீழ இருக்கீங்கன்றது இங்க. நடுவுல இருக்கே, அதான் முக்கியம். இந்த ஆழத்துல இன்னும் எவ்வளவு நேரம் இருக்கலாம்னு சொல்லும். அது தீர்றதுக்குள்ள மேல கிளம்பிடணும்."

அவர் சட்டைப் பையிலிருந்து படிக்கிற கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். தண்ணீருக்குள் இதைப் போட்டுக்கொண்டு போக முடியாது என்பது நினைவுக்கு வந்ததும், கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"எண்ணெல்லாம் சித்தெறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்மா. கட்டெறும்பா ஏதாவது இருந்தா காட்டு."

கடையின் மறுமூலையில் கால் துடுப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி சிரித்தாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். வீட்டில் அவளை டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார். "இன்னும் முடியலையா? என்னைப் பார்த்துட்டு சரின்னு சொல்றதுக்குக்கூட நீங்க இவ்வளவு நேரம் எடுத்துக்கலை."

"அன்னிக்கு யோசிக்காததுக்கும் சேர்த்து இன்னிக்கு யோசிக்கறேன்."

அவள் தனக்கானதைப் போன மாதமே வாங்கிவிட்டாள். மெல்லிசாக, வண்ணத் திரையோடு, பார்க்க நகை மாதிரி இருந்தது. இவர் மட்டும் இத்தனை நாளும் வாடகைக்கு எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். வாங்கிவிட்டால் கடலுக்குள் இறங்குகிற இந்தப் பழக்கம் நிரந்தரமாகிவிடுமோ என்று உள்ளுக்குள் ஒரு உதறல்.

அந்த உதறலை யாரிடமும் சொன்னதில்லை. பிள்ளைகள் இருவரும் வேலை கிடைத்துப் போன பிறகு, ஒரு நாள் அவளாகவே தங்கள் இருவர் பேரையும், கடலில் மூழ்கி நீந்தக் கற்றுத்தரும் டைவிங் வகுப்பில் கொடுத்துவிட்டு வந்தாள். முதன்முதலில் அவள் பஸ் ஓட்டப் போகிறேன் என்றபோது, இவர் மூன்று நாள் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "உங்க பயத்தை என் தலையில இறக்கி வெக்காதீங்க" என்றாள் அவள். இனி வைக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து அவள் எங்கே போனாலும் சரி என்பதுதான் அவர் வாயிலிருந்து வரும். பயம் மட்டும் எங்கேயும் போகவில்லை. அதைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துப் பூட்டிக்கொண்டார்.

போன முறை அந்தப் பூட்டு கிட்டத்தட்டத் தெறித்துவிட்டது. பாறைச் சரிவின் ஓரமாக நீந்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய திருக்கை அவர்களைக் கடந்து கீழே இறங்கியது. அவளும் அதன் பின்னாலேயே இறங்கினாள். அவள் கால் துடுப்பின் மஞ்சள் நிறம் முதலில் பச்சையாகி, பிறகு சாம்பலாகி, அப்புறம் ஒன்றுமே இல்லாமல் போனது. லிஃப்ட் குழிக்குள் விழுந்த ஸ்பேனரைப் பார்ப்பது போல அவர் பார்த்துக்கொண்டே நின்றார். சிலிண்டர் காற்றை உறிஞ்சி உறிஞ்சி இழுத்தார். பிறகு எப்படியோ அவளே சாம்பலிலிருந்து மஞ்சளாக மேலே வந்தாள். படகில் பயிற்சியாளர், புதிதாகக் கற்றவர்கள் போகக்கூடாத ஆழம் அது என்று கண்டபடி திட்டினார். இவள் தலையைத் துவட்டிக்கொண்டே, "அங்க எவ்வளவு அமைதி தெரியுமா? பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிக்கல, ஒரு பிள்ளை கத்தல" என்றாள். அன்று மாலை தன் டைவ் கம்ப்யூட்டரில் பதிவான ஆழத்தை, பரீட்சையில் வாங்கிய மார்க்கைக் காட்டுவது போல இவரிடம் காட்டினாள். இவர் பார்த்துவிட்டு நல்லது என்றார். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கை நடுக்கம் நிற்கும்வரை நின்றார்.

மனைவியின் கைப்பேசி அடித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து. அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். மெக்கானிக் கண்ணாடிப் பெட்டியின் மேல் குனிந்தார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக்கூடாது. இருக்கறதுலயே பயந்தாங்கொள்ளி எது?"

கடைக்காரப் பெண் சிரிக்கவில்லை. "நீங்க சொல்லுங்க சார். நான் அப்புறம் சிரிச்சுக்கறேன்."

"ஜோடியா கீழ போறோம். ரெண்டு பேர் கையிலயும் ஒண்ணு இருக்கு. யாரோடது முதல்ல போதும்னு சொல்லுதோ, ரெண்டு பேரும் அதுக்குக் கட்டுப்பட்டுக் கிளம்பணும். அப்படித்தானே சொல்லிக் கொடுத்தாங்க?"

"அப்படித்தான்."

"என் வீட்டம்மாவோடது தாராளமா நேரம் விடுது. என்னோடது கறாரா இருந்தா, அவளும் சீக்கிரம் கிளம்பியாகணும்ல?"

கடைக்காரப் பெண் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். வெளியே டிரைவரம்மா ஒரு கையால் காற்றில் ஸ்டீயரிங்கைத் திருப்பிக் காட்டி யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தாள். பெண் கீழ்த்தட்டிலிருந்து தடித்த, கறுத்த, அழகே இல்லாத ஒன்றை எடுத்தாள். எண்கள் கட்டெறும்பைவிடப் பெரிதாக இருந்தன. "இது பழைய மாடல், ஆனா நல்ல சரக்கு. கணக்கு எல்லாம் ஜாஸ்தி எச்சரிக்கையா போடும். அதுக்குள்ளயும் மூணு படி இருக்கு. கடைசிப் படியில வெச்சா, நிழலைப் பார்த்தாலே கத்தும்."

"கடைசிப் படியிலயே வெச்சுடு."

அவள் பொத்தான்களை அழுத்தினாள். "கீழ இருக்கறப்போ நீங்க இழுக்கற காத்து ரத்தத்துல கரைஞ்சுகிட்டே இருக்கும். அளவுக்கு மீறி இருந்துட்டு விறுவிறுன்னு மேல வந்தா, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ஆயிடும் உடம்பு. அதுக்குத்தான் இது." அவர் கையில் வாரைக் கட்டி இறுக்கினாள். "சார், ஒண்ணு மட்டும். இது கத்தும். ஆனா யார் கையையும் பிடிச்சு இழுக்காது. அது உங்க வேலை."

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆமை மாதிரி இருக்கு."

"நானும் அப்படித்தானே இருக்கேன்."

"அது சரி, ஜோடி பொருத்தம்தான்" என்றபடி கியரை மாற்றினாள். அவள் இன்னும் ஏதாவது கேட்பாளோ என்று அவர் பயந்தார். கேட்கவில்லை. அதுவும் பயமாகத்தான் இருந்தது.

அடுத்த விடுமுறை நாளில் படகு அதே பாறைச் சரிவுக்குப் போனது. காலையில் ஒரு முறை இறங்கி ஏறினார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஓய்வெடுத்துவிட்டு மறுபடி இறங்கினார்கள். இரண்டாம் முறை உடம்பில் காலையில் கரைந்த காற்றின் மிச்சம் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மணிக்கட்டில் கட்டியிருந்த கறுத்த பெட்டிக்கு அது அவரைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. நடுவிலிருந்த எண் கிடுகிடுவெனக் குறைந்தது. அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். சரிவு முடிந்து நீலம் கருப்பாகிற விளிம்பை நோக்கித்தான்.

பெட்டி கத்த ஆரம்பித்தது.

அவர் காலை உதைத்து அவளைப் பிடித்தார். மணிக்கட்டை அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினார். அவள் தன்னுடையதை நீட்டிக் காட்டினாள். வண்ணத் திரையில் இன்னும் நிறைய நேரம் இருந்தது. அவர் கட்டைவிரலை மேலே உயர்த்தினார். மேலே போகலாம் என்று அர்த்தம். அவள் தலையசைத்து மறுத்தாள். விளிம்புக்குக் கீழே விரல் நீட்டினாள். கொஞ்சம்தான் என்று இரண்டு விரலைக் குறுக்கிக் காட்டினாள். பேருந்து ஓட்டும்போது முன்னால் போகிற வண்டியை முந்துகிற நேரத்திலும் அவள் முகம் இப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அவள் திரும்பினாள்.

இப்போது போகவிட்டால் மறுபடி அந்த மஞ்சள், பச்சை, சாம்பல். பின்னாலேயே போனால் இரண்டு பேருமே சாம்பல். பெட்டி கத்திக்கொண்டே இருந்தது. அதை நம்பித்தானே வாங்கினோம், தனக்குப் பதிலாக அது பயந்துகொள்ளும் என்று? கடைக்காரப் பெண் வாரை இறுக்கிய இடம் மணிக்கட்டில் உறுத்தியது.

அவர் அவள் கையைப் பிடித்தார். இழுக்கவில்லை. தன் கையை அதில் வைத்தார், அவ்வளவுதான். அது நடுங்கிக்கொண்டிருந்தது. விரல், மணிக்கட்டு, முழங்கைவரை நடுங்கியது. இத்தனை வருடம் குளியலறைக் குழாய்ச் சத்தத்தில் ஒளித்து வைத்திருந்த நடுக்கம். அதை நிறுத்த அவர் ஒன்றும் செய்யவில்லை. கொடுத்த வாக்கு தண்ணீரோடு போயிற்று.

அவள் நின்றாள். அவர் கையைப் பார்த்தாள். பிறகு கறுத்த பெட்டியின் திரையைப் பார்த்தாள். அது என்ன, ஏன் இத்தனை அவசரமாகக் கத்துகிறது என்பது அவளுக்குப் புரிவது அவருக்குத் தெரிந்தது. முகக்கண்ணாடிக்குள் அவள் கண்கள் பெரிதாக இருந்தன. கோபமா, வேறு ஏதாவதா, சொல்ல முடியவில்லை. கீழே கருப்பு அப்படியே வாயைத் திறந்துகொண்டிருந்தது. அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

இன்னொரு கையை இருவருக்கும் நடுவில் கொண்டுவந்தாள். விரல்கள் மூடியிருந்தன. கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது, மேலே போகலாம் என்றும் சொல்லவில்லை, கீழே இறங்கலாம் என்றும் சொல்லவில்லை. அவர் அந்த மூடிய கையையே பார்த்தார். இருவரின் மூச்சும் குமிழ் குமிழாக ஒன்றில் ஒன்று கலந்து மேலே போய்க்கொண்டிருந்தது.