எட்டாயிரம் கிலோமீட்டர்

பீர் மைதீனின் கைப்பேசி வரைபடத்தில் அந்தக் குட்டி விமானம் அரபிக்கடலுக்கு மேல் நகராமல் நிற்பது போலிருந்தது. அதற்குள் அவர் மனைவி மஹ்பூபா இருந்தாள். முதல் விமானப் பயணம், அதுவும் தனியாக. சென்னையிலிருந்து பாரிசுக்கு எட்டாயிரம் கிலோமீட்டர்; நடுவே தோஹாவில் விமானம் மாற வேண்டும்.

பாரிசில் மகள் அஸ்ஃபியாவுக்கு எந்நேரமும் வலி எடுக்கலாம் என்றிருந்தது. இருவரும் போவதாகத்தான் ஏற்பாடு. அதற்குள் இவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். விமானம் ஏறவே கூடாது என்றார் டாக்டர்.

"நான் போறேங்க," என்றாள் மஹ்பூபா.

"ஒத்தையாவா? பாஷை தெரியாதே புள்ள."

"வாய் இருக்குல்ல?"

இப்போது சென்னை மழையில் விமானம் தாமதமாகத்தான் கிளம்பியிருந்தது. இருபது வருஷம் சவூதிக்குப் போய்வந்தவருக்குக் கணக்குப் போடத் தெரியாதா? அவள் இறங்குமுன்பே பாரிஸ் விமானம் தோஹாவை விட்டு எழும்புவதைத் திரையில் பார்த்தார். முதல்முறை ஜித்தா போனபோது பம்பாயில் வழி தவறி, கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. இவளுக்கோ ஐம்பத்தெட்டு.

அஸ்ஃபியா போனில் அழுதாள். "வாப்பா, உம்மாவோட போனு போவவே மாட்டேங்குது."

ஒரு மணி நேரம் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. வெள்ளைத் துப்பட்டிக்குள் மஹ்பூபாவின் முகம். இடுப்பில் யாருடையதோ ஒரு கைக்குழந்தை.

"நான்தாங்க. பிளேன் போயிட்டுது. பயப்படாதீங்க, அடுத்ததுல எடம் வாங்கிட்டேன்."

"யாருகிட்ட கேட்ட? எந்த பாஷையில?"

"தமிழ்லதான். டிக்கெட்ட நீட்டி, எம் மவ, வயித்துல புள்ளன்னு கையால காமிச்சேன். கவுண்டருல உக்காந்திருந்த பொண்ணு எந்திரிச்சி வந்து எங் கையப் புடிச்சிக்கிட்டா. இது ராசாத்தி போனு. நம்மூருப் பக்கம் சுரக்குடிப் பொண்ணுதாங்க, புருஷங்கிட்ட போவுது. அதுவும் பிளேன வுட்டுட்டு இந்தக் கைப்புள்ளையோட அழுதுக்கிட்டு நின்னுது. ரெண்டு பேருக்கும் பக்கத்து பக்கத்து சீட்டா கேட்டு வாங்கிட்டேன்."

முப்பத்தைந்து வருஷமாக மனைவியாக இருப்பவளை யாரோ இப்போதுதான் அவருக்கு அறிமுகப்படுத்திவைத்தது போலிருந்தது.

"மாத்திரை போட்டீங்களா?"

"இல்ல."

"மொதல்ல போடுங்க. அஸ்ஃபியாட்ட சொல்லிடுங்க, உம்மா வந்துக்கிட்டே இருக்கேன்னு."

பின்னால் ஏதோ அறிவிப்பு ஒலித்தது. "வா புள்ள, நம்மளத்தான் கூப்புடுறாங்க போல," என்று ராசாத்தியிடம் சொன்னவள் அழைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டாள். திரையில் முகம் போய், கண்ணாடி போல மின்னும் தரை வந்தது. அதன்மேல் நீலச் செருப்பணிந்த அவளுடைய இரண்டு கால்கள் விறுவிறுவென்று நடந்தன. குழந்தையின் சிரிப்பு மட்டும் கேட்டது. பீர் மைதீன் போனைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, அந்தக் கால்கள் போகும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.