அக்கா இறக்கிய குறுக்குவழி

அக்கா பல் மருத்துவர். தங்கை கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள். மதிய இடைவேளையில் அக்கா ஃபோன் செய்து, "ஒரு பத்து நிமிஷம் வந்துட்டுப் போடி" என்றாள்.

கிளினிக்கின் வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டரில் சிவப்பு எச்சரிக்கை ஒன்று நின்றது. நோயாளிகள் இல்லாதபோது அக்கா அதில் கார் ரேஸ் ஆடுவாள். ஏழாவது ரேஸைத் தாண்ட முடியாமல் மூன்று வாரம் திண்டாடியவள், காரை வேகமாக்கித் தரும் கோப்பு ஒன்றை எங்கிருந்தோ இறக்கியிருந்தாள்.

"இந்த மாதிரி ஃபைலுக்கெல்லாம் ஆன்டிவைரஸ் சும்மாவே கத்தும், ஆஃப் பண்ணிடுங்கன்னு அந்த சைட்லயே போட்டிருந்தான்."

"திருடன் நாயைக் கட்டிப்போடச் சொன்னா கட்டிருவியா?"

கேலி செய்தாளே தவிர, அந்தப் பேச்சு முழுப்பொய் இல்லை என்பது தங்கைக்குத் தெரியும். விளையாட்டுக்குள் கைவைக்கும் எந்தக் கோப்பையும் ஆன்டிவைரஸ் சந்தேகிக்கும். சிவப்பை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பையிலிருந்து பழைய லேப்டாப்பை எடுத்தாள். அதில் இன்டர்நெட் இல்லை, சொந்த விவரம் எதுவும் இல்லை. கோப்பை அதில் போட்டுத் திறந்தாள்.

'வெற்றி! உங்கள் கார் இப்போது இருமடங்கு வேகம்' என்று வந்தது.

"எந்தக் கார், அக்கா? இதுல அந்த கேமே கிடையாது."

பிறகு அது செய்வதைக் கவனித்தாள். பிரவுசர் பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் இடத்தைத் துழாவியது. எங்கோ அனுப்பப் பார்த்து, வழியில்லாமல் மறுபடி மறுபடி முயன்றது.

"ஆபத்தேதான். நல்லவேளை, நீ திறக்கல."

அக்கா மேசையிலிருந்த பேனாக்களை அடுக்கத் தொடங்கினாள்.

"திறந்தியா?"

"காலைல. ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிட்டு. ஒண்ணும் நடக்கலன்னு திரும்ப ஆன் பண்ணேன். அப்பதான் சிவப்பா வந்துச்சு."

தங்கை நெட் கேபிளைப் பிடுங்கினாள். அக்காவின் ஃபோனிலிருந்து ஒவ்வொரு பாஸ்வேர்டாக மாற்றினார்கள். மின்னஞ்சலில் காலை பதினொரு மணிக்கே யாரோ நுழைந்திருந்தார்கள். அந்த ஆளை வெளியேற்றிவிட்டு, தங்கை கம்ப்யூட்டரில் இருந்த எல்லாவற்றையும் அழித்தாள்.

"பேஷன்ட்ஸ்கிட்ட என்னன்னு சொல்றது?" என்றாள் அக்கா.

"நடந்ததைச் சொல்லு. அவங்க விவரமும் இதுலதானே இருந்துச்சு."

"மானம் போயிடும்டி."

"போகட்டும்."

அக்கா அலமாரியிலிருந்த நோயாளிகளின் காகித அட்டைகளை எடுத்துவந்து உட்கார்ந்தாள். முதல் அட்டையிலிருந்த எண்ணை ஃபோனில் அழுத்தினாள்.

"பல் டாக்டர் பேசறேங்க. இல்ல, பல்லைப் பத்தி இல்ல. என்னால ஒரு தப்பு நடந்துபோச்சு."