கூட்டுக்குப் பின்னால்

காய்ச்சல் என்று வசந்தா அன்றைக்கு உப்பளத்துக்குப் போகவில்லை. போயிருந்தால் இந்த அசிங்கம் இன்னும் எத்தனை நாளைக்குத் தெரியாமலே ஓடியிருக்குமோ, யார் கண்டது. பாயில் படுத்தபடியே போனை எடுத்து, கடல் பருந்துக் கூட்டின் லைவைப் போட்டாள்.

மரக்காணம் உப்பளத்தின் ஓரத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நிற்கிறது. அதன் உச்சியில், வெள்ளை வயிறும் சாம்பல் இறக்கையுமாய் ஒரு ஜோடிக் கடல் பருந்து கூடு கட்டியிருந்தது. சென்னையிலிருந்து பறவை ஆராய்ச்சிக்காரர்கள் வந்து, முட்டையிடும் முன்பே மேல்கிளையில் ஒரு கேமராவைக் கட்டி, இராப்பகலாக யூடியூபில் ஓட விட்டார்கள். அருண்ராஜ் என்பவன் அதற்குப் பொறுப்பு. மரக்காணத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான். நல்ல மாதிரியாகத்தான் பேசினான். உப்பு வாரும் பெண்களைக் கூப்பிட்டு, "அக்கா, மரத்துக்குக் கீழ ஆள் நடமாட்டம் இருந்தா பருந்து பயந்து கூட்டை விட்டே போயிடும். அந்தப் பக்கம் வராம இருந்தீங்கன்னா புண்ணியமா போவும்" என்றான்.

எதற்காக அந்தப் பக்கம் வருகிறார்கள் என்று அவன் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது? அந்த வெட்டவெளியில் பெண்கள் ஒதுங்குவதற்கு இருந்த மறைவு மரத்தடிப் புதர்தான். கக்கூஸ் கட்டிக் கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இருந்தும் பருந்துக்காக இடத்தை மாற்றினார்கள். மாற்ற வைத்ததே வசந்தாதான். "வாயில்லா ஜீவன், குஞ்சு பொரிச்சி பொழைச்சிப் போவட்டும்" என்று எல்லாரையும் மரத்துக்கு அப்பால், வாய்க்கால் ஓரத்துச் சீமைக்கருவேலம் புதருக்கு ஓட்டினாள். சோம்பல்பட்டுப் பழைய இடத்துக்கே போன பூங்குழலியைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள்.

ஒதுங்கப் போவதற்கு அவர்களிடம் ஒரு முறை உண்டு. இரண்டு பேராகத்தான் போவார்கள். ஒருத்தி உட்கார, மற்றவள் அவளுக்கு முதுகு காட்டி, வரப்பைப் பார்த்துக்கொண்டு காவல் நிற்பாள். மேஸ்திரியோ லாரிக்காரனோ அந்தப் பக்கம் வந்தால் இருமுவாள். வரப்பைப் பார்த்தார்கள், ரோட்டைப் பார்த்தார்கள். மரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

மதியம் கொட்டகையில் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும்போதே சகாயமேரி போனையும் திறந்துவிடுவாள். ஆறேழு தலை அதன்மேல் கவிழும். ஆண் பருந்து மீனோடு வர நேரமானால், "எங்க வீட்டுக்காரரு மாதிரி வழியில எவன்கிட்டயோ கதையடிச்சிக்கினு நிக்குது" என்பாள் பூங்குழலி. முட்டை பொரிந்தபோது, பஞ்சுபோல் நடுங்கிய அந்தத் தலையை முதலில் கண்டது வசந்தா. அன்று முழுக்க வாய் ஓயாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாரும் கொட்டகையில் இருக்கும் நேரத்தில் புதரில் யார் இருப்பார்கள்? அதனால் அவர்கள் கண்ணில் எதுவும் படவில்லை.

காய்ச்சல் நாளில் அவள் பார்த்தது காலை நேரம். தாய்ப் பருந்து மீனைக் கிழித்துக் குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. கூட்டுக்குப் பின்னால், படத்தின் மூலையில், எதுவோ அசைந்தது. சேலைக்கு மேல் கட்டம் போட்ட ஆம்பளைச் சட்டை. சகாயமேரி முதுகு காட்டி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் பூங்குழலி உட்கார்ந்திருந்தாள். தலைத்துண்டின் நிறம் முதற்கொண்டு தெரிந்தது. அத்தனை நல்ல கேமரா.

கீழே, முந்நூற்றுச் சொச்சம் பேர் பார்த்துக்கொண்டிருப்பதாகப் போட்டிருந்தது. காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்து பழைய வீடியோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மூன்றாவதில் அவளே இருந்தாள்.

அருண்ராஜுக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொல்லும்போது அவளுக்கு நாக்கு கூசியது. "அக்கா, யாரும் அதைக் கவனிக்க மாட்டாங்க. எல்லாரும் பருந்தத்தான் பாப்பாங்க" என்றான் அவன்.

"நான் பாத்தேனே."

"இப்போ மரத்துல ஏறி கேமராவைத் தொட்டா பருந்து கூட்டை விட்டுப் போயிடும். குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாசம்தான். அது வரைக்கும் நீங்க வேற எடத்துக்குப் போங்களேன்."

"லைவை நிறுத்து."

"எனக்கு அதிகாரம் இல்லக்கா. மேல கேக்கணும்."

வேற இடமாம். மாடு மேய்ப்பவனிடம் சொல்வதுபோல் சொல்கிறான். வசந்தா போனைப் பாயில் எறிந்தாள்.

மறுநாள் விடிந்ததும் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னாள். பூங்குழலி தலையில் அடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "என் மாமனார் இத்தப் பாத்திருந்தா?" என்றாள். வசந்தா மண்வெட்டியைப் போட்டுவிட்டு நேரே மரத்தடிக்குப் போனாள். சோலார் தகட்டுக்குக் கீழே, இரும்புப் பெட்டியில் பேட்டரி இருந்தது. அதிலிருந்து கேமராவுக்குப் போன ஒயரைப் பிடுங்கி, கை எட்டிய மட்டும் இழுத்து அறுத்துச் சுருட்டிக்கொண்டாள். உச்சியில் தாய்ப் பருந்து ஒரு தரம் கத்தியது. கூட்டை விட்டு நகரவில்லை. மரத்தடியில் ஆள் வந்தால் அது பயப்படவே பயப்படாது போலிருக்கிறது. அதைப் பார்த்ததும் வசந்தாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

கக்கூஸுக்காக நடையாய் நடந்தும் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்காத உப்பளத்துக்கு, பருந்துப் படம் நின்ற அரை மணிக்குள் பைக் வந்துவிட்டது.

"யாருக்கா இதைப் பண்ணது? ஆபீஸ்ல போலீசுக்குப் போகச் சொல்றாங்க" என்றான் அருண்ராஜ்.

"நான்தான். வா, சேந்தே போவலாம். பொம்பளைங்களப் படம் புடிச்சது யாருன்னும் அங்கியே கேட்டுக்கலாம்."

அவன் தள்ளிப் போய்ப் பேசினான். திரும்பி வந்து ஸ்பீக்கரைப் போட்டு நீட்டினான். சென்னையிலிருந்து ஒரு மேடம், இதமான குரலில், "தப்புதாம்மா. எந்தெந்த இடத்துல நீங்க தெரியறீங்களோ, அதை மட்டும் வெட்டிடறோம்" என்றாள்.

"வெட்டணும்னா பாக்கணுமே. யாரு உக்காந்து பாப்பீங்க?"

மேடம் ஏதோ சொல்ல வந்தாள். வசந்தா விடவில்லை.

"மொத்தத்தையும் அழிங்க."

அருண்ராஜுக்கு முகம் செத்துவிட்டது. "அக்கா, முட்டை பொரிஞ்சது அதுலதான் இருக்குது. வேற காப்பி கிடையாது. நீங்கதானே மொதல்ல பாத்தீங்க, எவ்ளோ சந்தோஷப்பட்டீங்க" என்றான்.

அது உண்மை. ஓட்டைப் பிளந்து வந்த அந்தத் தலை வசந்தாவின் கண்முன் வந்து நின்றது. அழுகை முட்டியது. அந்த அழுகைக்கும் சேர்த்து அவன்மேல் கோபம் வந்தது. அழகான ஒன்றைப் பார்த்து நாலு நாள் சிரித்ததற்கு இதுவா கூலி?

"அழி" என்றாள்.

மேடம் சரி என்றாள். பெண்கள் சூழ்ந்து நிற்க, அருண்ராஜ் ஒவ்வொன்றாக அழித்தான். முடித்துவிட்டு, "ஒயரைக் குடுங்கக்கா. ஏறி கேமராவை வேற பக்கம் திருப்பிடறேன்" என்றான்.

"நேத்து, தொட்டா பருந்து பூடும்னியே?"

வசந்தா ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கக்கூஸ் கட்டிட்டு வந்து ஒயரை வாங்கிக்கினு போ."

"அது உங்க முதலாளி வேலை. நாங்க எப்படிக்கா?"

"நாங்க கேட்டா அந்தாளுக்குக் காது கேக்கல. நீ போயி பருந்துக்காகன்னு கேளு, கட்டித் தருவான்."

சித்திரையில் குஞ்சு பறந்தது. லைவில் யாரும் அதைப் பார்க்கவில்லை. ஒயர் இன்னமும் வசந்தாவின் வீட்டில்தான் கிடக்கிறது.